தந்தைவழி மரபணுவின் மௌனம்

இத்தாலியின் வெரோனா நகரிலுள்ள காஸ்டல்வெக்கியோ கோட்டை இன்று ஓர் அருங்காட்சியகம். பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜியோவன்னி பிரான்செஸ்கோ கரோட்டோ தீட்டிய ஒரு சிறுவனின் உருவப்படம் அங்கே இருக்கிறது. செம்பட்டைத் தலைமுடி கொண்ட அச்சிறுவன், குச்சிக் கைகால்களோடு தாளில் கிறுக்கப்பட்ட ஒரு மனித உருவத்தை நம் பக்கம் திருப்பிக் காட்டியபடி சிரிக்கிறான். குழந்தைகள் வரையும் கிறுக்கலைத் தேர்ந்த ஓவியர் ஒருவர் தன் ஓவியத்துக்குள் கொண்டுவந்ததற்கு மிகப் பழைய சான்றுகளில் ஒன்று என்பதால் கலை வரலாற்றில் இதற்கு மதிப்பு அதிகம். (2015 நவம்பரில் அந்த அருங்காட்சியகத்திலிருந்து திருடுபோன 17 ஓவியங்களில் இதுவும் ஒன்று. மறு ஆண்டு மே மாதம் உக்ரைனில் கண்டெடுக்கப்பட்டு, அந்த ஆண்டின் இறுதியில் ஊர் திரும்பியது.)

மருத்துவ வரலாற்றிலும் இந்த ஓவியத்துக்கு ஓர் இடம் உண்டு. ஹாரி ஏஞ்சல்மன் இங்கிலாந்தின் வாரிங்டன் நகரில் பணியாற்றிய குழந்தை மருத்துவர். அவருடைய மருத்துவமனைக்கு வெவ்வேறு சமயங்களில் மூன்று குழந்தைகள் வந்து சேர்ந்தார்கள். பேச்சு வரவில்லை. நடையும் கையசைவும் சீராக இல்லாமல் வெட்டி வெட்டி இழுத்தன. வலிப்பு வந்தது. ஆனாலும் வெளியே தெரியும் காரணம் எதுவுமின்றி அடிக்கடி சிரித்தார்கள். மூவருக்கும் இருப்பது ஒரே நோய்தான் என்று ஏஞ்சல்மனுக்குத் தோன்றியது. அதை நிறுவ அன்றைய ஆய்வகங்களில் வழி எதுவும் இல்லை, ஆகவே எழுதத் தயங்கினார். விடுமுறையில் வெரோனாவுக்குப் போனபோது கண்ட அந்தச் சிரிக்கும் சிறுவன்தான் தன் தயக்கத்தைப் போக்கினான் என்று பின்னாளில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். சிறுவன் கையிலிருந்த கிறுக்கல் அவர் நினைவில் ஒரு பொம்மலாட்டப் பொம்மையாகப் பதிந்திருந்தது. 1965இல் வெளிவந்த அவருடைய கட்டுரையின் தலைப்பிலேயே ‘பொம்மைக் குழந்தைகள்’ என்ற சொல் இடம்பெற்றது. 1967இல் வேறு இரு மருத்துவர்கள் அதனோடு ‘மகிழ்ச்சியான’ என்ற அடைமொழியையும் சேர்த்துவிட்டார்கள்.

பெற்றோர்களில் பலருக்கு இந்தப் பெயர் பிடிக்கவில்லை என்பது ஏஞ்சல்மனுக்கே தெரிந்திருந்தது. பிடிக்காமல் போனதில் வியப்பில்லை. இரவெல்லாம் உறங்காத, ஒரு சொல்லும் பேசாத குழந்தையை வளர்க்கும் தாயிடம் போய், உன் பிள்ளை மகிழ்ச்சியான பொம்மை என்று சொல்வதற்கு ஒரு தடித்த மனம் வேண்டும். 1982இல் அமெரிக்க மருத்துவர்கள் இருவர் முன்மொழிந்த பிறகே ‘ஏஞ்சல்மன் நோய்க்குறி’ என்ற பெயர் நிலைபெற்றது. ஏறத்தாழ 15,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்கு இது இருக்கிறது.

இந்த நோயின் வேரைத் தேடிப் போனவர்கள் இறுதியில் கண்டடைந்தது மிக விசித்திரமான ஒன்று. நரம்பணுக்களுக்குள் ஒரு மரபணு, எதிர்த்திசையில் படியெடுக்கப்படும் ஓர் ஆர்.என்.ஏவால் வாயடைக்கப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஆன்டிசென்ஸ்’ என்று வழங்கப்படும் அந்த ஆர்.என்.ஏவை இக்கட்டுரையில் நாம் எதிரிழை ஆர்.என்.ஏ என்று அழைக்கப் போகிறோம். அதன் வரலாற்றைத்தான் இங்கே சொல்ல முயல்கிறோம்.

*

டி.என்.ஏ இரண்டு இழைகளால் ஆனது. ஒன்றின் எழுத்துகளுக்கு மற்றதில் இணையெழுத்துகள் உண்டு என்பது பள்ளிப் பாடம். பள்ளிப் பாடத்தில் வழக்கமாக விடுபட்டுப் போவது, அந்த இழைகள் எதிரெதிர்த் திசைகளில் ஓடுகின்றன என்பதன் விளைவு. ஒரு மரபணுவைப் படியெடுக்கும் நொதி இடமிருந்து வலமாக நகர்ந்து ஓர் ஆர்.என்.ஏவை உருவாக்குகிறது, அதிலிருந்து புரதம் உண்டாகிறது. அதே இடத்தில் இன்னொரு நொதி வலமிருந்து இடமாக, மற்ற இழையைப் படியெடுக்கவும் தடையில்லை. அப்படி உருவாகும் ஆர்.என்.ஏ, முதல் ஆர்.என்.ஏவோடு எழுத்துக்கு எழுத்து இணையும். நம் சித்திரக்கவிகளில் வரும் மாலைமாற்றோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மாலைமாற்றைத் திருப்பிப் படித்தால் அதே பாடல் கிடைக்கும். இங்கே திருப்பிப் படித்தால் கிடைப்பது மூலத்தைக் கட்டிப்போடக்கூடிய இன்னொன்று.

இப்படி ஒன்று இயற்கையில் உண்மையிலேயே வேலை செய்கிறது என்பது முதலில் பாக்டீரியாக்களில் தெரியவந்தது. 1981இல் ஜூனிச்சி தோமிசாவாவும் அவருடைய சகாவும், பாக்டீரியாவுக்குள் தனித்து வாழும் சிறு டி.என்.ஏ வளையம் ஒன்று தன் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்திக்கொள்ள ஒரு குட்டி எதிரிழை ஆர்.என்.ஏவைப் பயன்படுத்துகிறது என்று காட்டினார்கள். 1984இல் மசயோரி இனோவேயின் குழு, பாக்டீரியாவின் வெளிச்சவ்வுப் புரதம் ஒன்றை அடக்கும் இத்தகைய ஆர்.என்.ஏவைக் கண்டறிந்தது.

இவர்களுக்கும் முன்பே, 1978இல், பால் சாமெக்னிக் பாஸ்டனில் இதைச் செயற்கையாகச் செய்து பார்த்திருந்தார். கோழிகளுக்குப் புற்று உண்டாக்கும் ரூஸ் வைரஸின் ஆர்.என்.ஏவோடு இணையக்கூடிய, 13 எழுத்துகளே கொண்ட ஒரு டி.என்.ஏ துண்டை அவரும் மேரி ஸ்டீபன்சனும் தயாரித்தார்கள். அதை வளர்ப்புத் தட்டிலிருந்த கோழி அணுக்களில் இட்டபோது வைரஸ் பெருகுவது குறைந்தது. சாமெக்னிக் அப்போது அறுபதைத் தாண்டியவர். 1950களில் புரத உற்பத்தியின் அடிப்படைகளைக் கண்டறிந்தவர்களில் ஒருவராகப் பெரும் மதிப்புப் பெற்றவர். இருந்தும் அக்கட்டுரையைப் பலர் நம்பவில்லை. அத்தனை மின்னேற்றம் கொண்ட ஒரு துண்டு அணுச்சவ்வைக் கடந்து உள்ளே போகாது என்பதே அன்றைய பொதுக் கருத்து. இருபது ஆண்டுகள் கழித்து, 1998இல், எதிரிழைத் துண்டு ஒன்று முதன்முறையாக மருந்தாக அனுமதி பெற்றது. கண்ணின் விழித்திரையைத் தாக்கும் ஒரு வைரஸுக்கான மருந்து அது. சாமெக்னிக் 2009இல் தம் 96ஆம் வயதில் மறைந்தார்; தம் கருத்து மருந்தாவதைப் பார்க்கும் அளவுக்கு அவருக்கு ஆயுள் வாய்த்தது.

ஆக, 1990களில் எதிரிழை ஆர்.என்.ஏ என்றால் ஒன்று பாக்டீரியாவின் தந்திரம், அல்லது ஆய்வகத்தின் கருவி. விலங்குகளின் அணுக்களில் எங்கேனும் எதிர்த்திசைப் படிகள் தென்பட்டால் அவற்றைப் படியெடுப்பின் கசிவு, இரைச்சல் என்று ஒதுக்குவதே வழக்கமாக இருந்தது. மூளையில் அவற்றுக்கு வேலை இருக்கிறது என்று சொல்லத் துணிந்தது ஒரு நத்தை ஆய்வு.

*

லிம்னியா ஸ்டாக்னாலிஸ் என்பது ஐரோப்பியக் குளங்களில் பாசி தின்று வாழும் சாதாரண நத்தை. அதன் நரம்பு மண்டலத்தில் இருப்பவை சுமார் 20,000 நரம்பணுக்கள். மனித மூளையின் கோடிகளோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் அவற்றில் சில மிகப் பெரியவை. பெயர் சொல்லி அடையாளம் காணத்தக்கவை. ஒரு நத்தையில் பார்த்த அதே நரம்பணுவை அடுத்த நத்தையிலும் அதே இடத்தில் பார்க்கலாம், தனியே எடுத்து ஆராயலாம். நரம்பியலாளர்களுக்கு இதைவிடப் பெரிய வரம் வேறில்லை.

இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் செர்கேய் கார்னியேவ், மைக்கேல் ஓ’ஷே ஆகியோரின் குழு இந்த நத்தையில் நைட்ரிக் ஆக்சைடைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தது. இந்த வாயு நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்துகிறது. அதைத் தயாரிக்க ஒரு நொதி தேவை. அந்த நொதிக்கான மரபணுவின் உடைந்துபோன பிரதி ஒன்றும் நத்தையின் டி.என்.ஏவில் இருந்தது. இத்தகைய பிரதிகளைப் போலி மரபணு என்பார்கள். பரிணாமத்தின் குப்பைக் கிடங்கில் எறியப்பட்டவை, புரதம் எதையும் தராதவை என்பது அவற்றைப் பற்றிய பொது மதிப்பீடு. ஆனால் இந்தக் குறிப்பிட்ட போலி படியெடுக்கப்பட்டது. அதன் ஆர்.என்.ஏவில் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பியிருந்தது. அந்தப் பகுதி அசல் மரபணுவின் ஆர்.என்.ஏவுக்கு எதிரிழையாக அமைந்தது.

1999இல் வெளியான அவர்களுடைய கட்டுரையின் மையம் இரண்டு நரம்பணுக்களின் ஒப்பீடு. ஒன்றில் அசல் ஆர்.என்.ஏ மட்டும் இருந்தது; நொதியும் இருந்தது. உணவு உட்கொள்வதை நெறிப்படுத்தும் ஒரு ராட்சத நரம்பணுவிலோ அசலும் போலியும் சேர்ந்திருந்தன. அங்கே அசல் ஆர்.என்.ஏ இருந்தும் நொதி உருவாகவில்லை. இரண்டு ஆர்.என்.ஏக்களும் ஒன்றையொன்று பிணைத்துக்கொண்டு கிடந்ததை அவர்களால் காட்ட முடிந்தது.

இதோடு நின்றிருந்தால் இது ஓர் அரிய தகவலாக மட்டும் இருந்திருக்கும். 2005இல் அதே குழு ஒரு படி மேலே போனது. பசித்த நத்தைக்கு வாழைப்பழ வாசனை கொண்ட அமைல் அசிடேட்டையும் சர்க்கரைக் கரைசலையும் சேர்த்து ஒரே ஒரு முறை காட்டினால் போதும்; பிறகு அந்த வாசனை பட்டாலே நத்தையின் வாய் மெல்லத் தொடங்கும். நீண்ட கால நினைவு அதற்கு உண்டாகிவிடுகிறது. இந்த ஒற்றைப் பாடத்துக்குப் பின்னான சில மணி நேரத்தில் அந்த ராட்சத நரம்பணுவுக்குள் எதிரிழை ஆர்.என்.ஏவின் அளவு முதலில் சரிந்தது. அதையடுத்து நொதிக்கான ஆர்.என்.ஏ உயர்ந்தது. அதாவது வாயைப் பொத்தியிருந்த கை கொஞ்ச நேரம் விலகிக்கொள்கிறது. நினைவு உருவாகும் நேரமும் அதுவே.

நத்தை சர்க்கரையை நினைவில் வைத்திருப்பதற்கும் உடைந்த மரபணு ஒன்றின் தலைகீழ்ப் படிக்கும் தொடர்பிருக்கிறது என்ற செய்தி பெரிய பத்திரிகைகளில் தலைப்பாகவில்லை. நம் பார்வையில், எதிரிழை ஆர்.என்.ஏவின் நரம்பியல் வரலாற்றில் இதைவிட அழகான சோதனை இல்லை.

*

ஏஞ்சல்மன் குழந்தைகளிடம் திரும்புவோம். 1987இல் எல்லன் மாஜெனிஸும் வேறு சிலரும், இக்குழந்தைகள் பலரின் 15ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு காணாமல் போயிருப்பதைக் கண்டார்கள். அதே துண்டு காணாமல் போனால் பிராடர்-வில்லி என்ற, முற்றிலும் வேறுபட்ட இன்னொரு நோய் வரும் என்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது. அடங்காப் பசியும் உடற்பருமனும் அதன் அடையாளங்கள். ஒரே இழப்பு எப்படி இரண்டு நோய்களைத் தரும்? 1989 வாக்கில் விடை கிடைத்தது. தந்தையிடமிருந்து வந்த குரோமோசோமில் துண்டு விடுபட்டிருந்தால் பிராடர்-வில்லி. தாயிடமிருந்து வந்ததில் விடுபட்டிருந்தால் ஏஞ்சல்மன். தாய் வழியோ தந்தை வழியோ, மரபணு எதுவானாலும் மதிப்பு ஒன்றே என்று மெண்டல் காலத்திலிருந்து நம்பிவந்ததற்கு இது பெரிய விலக்கு. சில மரபணுக்கள் யாரிடமிருந்து வந்தன என்ற முத்திரையோடு வருகின்றன.

1997இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே குற்றவாளி மரபணுவைக் கண்டுபிடித்தன. யு.பி.இ.3.ஏ என்பது அதன் பெயர். வேண்டாத புரதங்களுக்கு அடையாளமிட்டு அழிவுக்கு அனுப்பும் ஒரு நொதியை அது தருகிறது. உடலின் மற்ற அணுக்களில் தாய் தந்த பிரதி, தந்தை தந்த பிரதி இரண்டும் வேலை செய்கின்றன. நரம்பணுக்களில் மட்டும் தாய் தந்ததே பேசுகிறது; தந்தை தந்தது மௌனம். ஆகவே தாய்வழிப் பிரதி இழந்துபோனால் மூளைக்கு மாற்று இல்லை.

இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். ஏஞ்சல்மன் நோயுள்ள பெரும்பாலான குழந்தைகளின் ஒவ்வொரு நரம்பணுவிலும் பழுதற்ற ஒரு யு.பி.இ.3.ஏ மரபணு இருக்கிறது. ஓர் எழுத்துகூடப் பிழையில்லை. அது படிக்கப்படவில்லை என்பதே குறை. மரபு நோய்களைப் பற்றிப் பேசும்போது மரபணுவின் ‘எழுத்துப் பிழை’ என்ற உவமையை நாம் பழக்கத்தால் பயன்படுத்திவிடுகிறோம். இந்த மௌனத்தை அந்த உவமையால் விளக்க முடியாது.

மௌனத்தின் காரணம் 1998இல் தெரியத் தொடங்கியது. கிளேர் ரூஜெல், மார்க் லலாந்து முதலியோர், யு.பி.இ.3.ஏவின் மேல் எதிர்த்திசையில் ஓர் ஆர்.என்.ஏ படியெடுக்கப்படுகிறது, அது தந்தைவழிக் குரோமோசோமில் மட்டுமே உருவாகிறது என்று அறிவித்தார்கள். 2001இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் அந்த ஆர்.என்.ஏ எங்கே தொடங்குகிறது என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்தார்கள். வெகு தொலைவில் இருந்தது அதன் தொடக்கம். இலட்சக்கணக்கான எழுத்துகளைத் தாண்டி, வழியிலுள்ள பல சிறு மரபணுக்களின் ஊடாக நீண்டு, இறுதியில் யு.பி.இ.3.ஏவுக்குள் அதன் வால் பக்கத்திலிருந்து நுழைகிறது அந்த நெடும்படி. மற்ற அணுக்களில் இது பாதி வழியிலேயே நின்றுவிடும். நரம்பணுக்களில் மட்டும் கடைசிவரை ஓடுகிறது. தாய்வழிக் குரோமோசோமில் அதன் தொடக்கப் புள்ளியே வேதி முத்திரையால் அடைக்கப்பட்டிருப்பதால் படி புறப்படுவதே இல்லை. ஆகவே தாயின் மரபணுவுக்கு இடையூறும் இல்லை.

நத்தையில் நடந்ததும் இங்கே நடப்பதும் ஒன்றல்ல. நத்தையில் இரண்டு ஆர்.என்.ஏக்கள் பிணைந்துகொண்டு புரத உற்பத்தியைத் தடுத்தன. இங்கே தந்தைவழி மரபணு படிக்கப்படத் தொடங்குகிறது. ஆனால் பாதியில் நின்றுபோகிறது என்று எலிகளில் 2011, 2012ஆம் ஆண்டு ஆய்வுகள் காட்டின. ஒற்றையடித் தடத்தில் எதிரெதிரே வந்த இரண்டு வண்டிகளைப் போல, படியெடுக்கும் நொதிகள் மரபணுவின் நடுவே முட்டிக்கொள்கின்றன என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். எதிரிழை ஆர்.என்.ஏவில் என்ன எழுதியிருக்கிறது என்பது இங்கே பொருட்டல்ல. அது இடைவிடாமல் எழுதப்பட்டுக்கொண்டிருப்பதே மற்றதைத் தடுக்கிறது. தந்தைவழி மரபணுவின் மௌனம் ஓய்வல்ல. நரம்பணு நாள்தோறும் ஆற்றல் செலவழித்து நடத்திவரும் ஒரு வேலை. வேலை என்றால் அதை நிறுத்தலாம்.

இதற்கிடையே எதிரிழைகளின் மதிப்பும் மாறிவிட்டிருந்தது. 2005இல் ஜப்பானின் ரிக்கன் நிறுவனம் தலைமையேற்ற ஒரு பன்னாட்டுக் குழு, எலியின் படியெடுப்பு அலகுகளில் 70 விழுக்காட்டுக்கும் மேல் ஏதோ ஒரு வகை எதிரிழைப் படியெடுப்பு தெரிகிறது என்று அறிவித்தது. எல்லா எதிரிழைகளும் வாயடைப்பவை அல்ல என்பதும் விரைவில் புரிந்தது. அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டை உருவாக்க உதவும் பேஸ்-1 என்ற நொதிக்கும் ஓர் எதிரிழை உண்டு. அது அந்த நொதியின் ஆர்.என்.ஏ சிதையாமல் காப்பாற்றுகிறது, அல்சைமர் நோயாளிகளின் மூளையில் அதன் அளவு கூடியிருக்கிறது என்று 2008இல் கிளேஸ் வாலஸ்டெட்டின் குழு காட்டியது. பெயரில் ‘எதிர்’ இருப்பதால் செயலிலும் எதிரியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

*

மௌனத்தைக் கலைக்கும் முதல் முயற்சி வட கரோலினா பல்கலைக்கழகத்தில் நடந்தது. பெஞ்சமின் ஃபில்பாட், மார்க் சில்கா, பிரையன் ராத் ஆகியோரின் குழு, தந்தைவழி மரபணு விழித்தால் ஒளிரும்படி மாற்றியமைக்கப்பட்ட எலி நரம்பணுக்களில் 2,306 வேதிப்பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்தது. ஒளிர்வித்தவை டி.என்.ஏவின் முறுக்கை அவிழ்க்கும் நொதிகளைத் தடுக்கும் புற்றுநோய் மருந்துகள். அவற்றில் டோபோடெகான் முதன்மையானது. 2011 இறுதியில் வந்த இந்தச் செய்தி ஏஞ்சல்மன் குடும்பங்களில் எத்தகைய எதிர்பார்ப்பைக் கிளப்பியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் முறுக்கை அவிழ்ப்பதைத் தடுத்தால் நீளமான மரபணுக்கள் எல்லாமே முழுமையாகப் படிக்கப்படாமல் போகும் என்று அதே ஆய்வாளர்கள் 2013இல் கண்டறிந்தார்கள். மூளை வளர்ச்சிக்கு வேண்டிய பல மரபணுக்கள் மிக நீளமானவை. எதிரிழையை அடக்கிய மருந்து அவற்றையும் சேர்த்து அடக்கியது.

குறி தவறாத ஆயுதம் ஒன்று தேவைப்பட்டது. அது சாமெக்னிக்கின் பழைய யோசனையாகவே இருந்தது. எதிரிழை ஆர்.என்.ஏவை அழிக்க, அந்த எதிரிழைக்கே எதிரிழையான ஒரு சிறு துண்டு! ஹூஸ்டனில் ஆர்தர் பொடேயின் குழுவும் கலிஃபோர்னியாவின் அயோனிஸ் நிறுவனமும் சேர்ந்து எலிகளில் இதைச் செய்து காட்டின. ஆய்வு 2015இல் நேச்சர் இதழில் வெளியானது. துண்டு போய் எதிரிழை ஆர்.என்.ஏவைப் பற்றிக்கொள்ள, அணுவின் நொதி அந்த இடத்தில் அதை வெட்டிவிட, நெடும்படி யு.பி.இ.3.ஏவை எட்டுமுன் அறுந்துபோகிறது. தந்தையின் மரபணு பேசத் தொடங்கியது. எலிகளின் சில குறைபாடுகள் ஓரளவு சீரடைந்தன.

மூளைக்குள் இத்தகைய துண்டுகளை ரத்தத்தின் வழியே செலுத்த முடியாது. முதுகுத்தண்டில் ஊசி குத்தித் தண்டுவட நீரில் கலக்க வேண்டும். அந்த வழி பயன்படும் என்பதை வேறொரு நரம்பு நோய்க்கான நுசினெர்சென் என்ற எதிரிழை மருந்து நிரூபித்திருந்தது. 2016 டிசம்பரில் அது அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2020இல் ஏஞ்சல்மன் குழந்தைகளுக்கு முதல் சோதனை தொடங்கியது. மருந்துக்கு ஜி.டி.எக்ஸ்-102 என்று பெயர். அளவு கூடியபோது, மருந்து பெற்ற ஐந்து பேருக்கும் கால்கள் வலுவிழந்தன. ஊசி குத்திய இடத்தருகே நரம்பு வேர்களில் அழற்சி. சோதனை நிறுத்தப்பட்டது. கால்களின் வலு மீண்டது. ஆனால் நடக்கவே தடுமாறும் ஒரு குழந்தை கண்முன்னே நடை இழப்பதைப் பார்த்த பெற்றோரின் அந்த வாரங்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் எதுவும் எழுதுவதில்லை. பின்னர் அளவைக் குறைத்து, செலுத்தும் முறையையும் மாற்றிச் சோதனை மீண்டும் தொடங்கியது. அதன் மூன்றாம் கட்டம் 2024 இறுதியில் ஆரம்பமானது. அயோனிஸ் நிறுவனத்தின் இன்னொரு மருந்தும் தனியே சோதனையில் இறங்கியது.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் இப் எல்கெர்ஸ்மாவின் குழு, யு.பி.இ.3.ஏ இல்லாமல் பிறந்த எலிகளுக்கு வெவ்வேறு வயதுகளில் அந்த மரபணுவைத் திரும்பக் கொடுத்துப் பார்த்தது. 2015இல் வெளியான முடிவுகளின்படி, வளர்ச்சியின் மிகத் தொடக்கத்திலேயே கிடைத்த எலிகள் பெருமளவு தேறின. சற்று வளர்ந்த பிறகு கிடைத்தவற்றில் உடலசைவின் குறைகள் சீரடைந்தன. பதற்றமும் மற்ற நடத்தைக் குறைகளும் அப்படியே இருந்தன. முழு வளர்ச்சிக்குப் பின் கிடைத்தவற்றில் நரம்பிணைப்புகளின் நெகிழ்வு மட்டும் திரும்பியது, நடத்தையில் மாற்றம் ஏதுமில்லை. எலியின் வாரங்களை மனிதக் குழந்தையின் ஆண்டுகளாக எப்படிக் கணக்கிடுவது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்தொற்றுமை இல்லை. மூன்றாம் கட்டச் சோதனையின் முதன்மை ஆய்வு, 4 வயது முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளை எடுத்துக்கொண்டது.